அரசினர் தோட்டத்தில் இல்லாத மாளிகையைத் தேடுவது எப்படி

சென்னை மெட்ரோவில் ‘அரசினர் தோட்டம்’ என்று ஒரு நிலையம் இருக்கிறது. 2019 பிப்ரவரியில் திறந்தார்கள். மேலே ஏறி வந்து பார்த்தால் எதிரே மவுன்ட் ரோடு, பக்கத்தில் பெரிய மருத்துவமனை. போன வருடம் என் பேத்தியோடு அங்கே இறங்கினேன். பெயர்ப் பலகையைப் படித்துவிட்டு, “யாரோட தோட்டம் தாத்தா இது?” என்று கேட்டாள். “எங்க அப்பா தண்ணி ஊத்தின தோட்டம், கண்ணு” என்றேன். அவள் விடவில்லை. “அப்போ வீடு எங்கே?” என்றாள்.

அந்தக் கேள்விக்காகத்தான் இதை எழுதுகிறேன். என் அப்பா அரசினர் தோட்டத்தில் தோட்டக்காரராக வேலை பார்த்தவர். நான் டிராப்ட்ஸ்மேனாக முப்பத்தைந்து வருடம் கட்டட வரைபடம் போட்டு ஓய்வு பெற்றவன். எல்லிஸ் ரோட்டை ஒட்டிய ஒரு சந்தில் ஒண்டுக்குடித்தனம். பள்ளி விடுமுறை நாளில் அப்பாவுக்குச் சோற்றுத் தூக்கு கொண்டுபோவது என் வேலை. அப்படிப் போகும்போதெல்லாம் பார்த்த வெள்ளை மாளிகைதான் மதராஸ் கவர்னர்கள் ஏறக்குறைய இருநூறு வருடம் குடியிருந்த அரசு மாளிகை. புதிய தலைமைச் செயலகம் கட்டுவதற்காக 2008 வாக்கில் அதை இடித்துவிட்டார்கள். துணைக் கட்டடமாக இருந்த விருந்து மண்டபம், இன்றைய ராஜாஜி மண்டபம், மட்டும் நிற்கிறது. இல்லாத ஒரு வீட்டின் வரலாற்றைத் தேடிப் படிக்க விரும்புகிறவர்களுக்கு, நான் கற்றுக்கொண்ட வழியைச் சொல்கிறேன். ஒரு நாளில் முடியாது. நான்கைந்து முறை போய்வர வேண்டியிருக்கும்.

முதல் வேலை, எந்த வீட்டைத் தேடுகிறோம் என்று தீர்மானிப்பது. இது சின்ன விஷயம் போலத் தெரியும், ஆனால் பாதிப் பேர் தடுக்கி விழுவது இங்கேதான். மதராஸில் ‘கவர்ன்மென்ட் ஹவுஸ்’, ‘கார்டன் ஹவுஸ்’ என்று பழைய தாள்களில் வருவது ஒரே கட்டடம் கிடையாது. கோட்டைக்குள் கவர்னருக்கு ஒரு வீடு இருந்தது. கோட்டைக்கு வெளியே, இன்று மருத்துவக் கல்லூரி இருக்கும் பக்கத்தில், கிழக்கிந்தியக் கம்பெனிக்கு ஒரு தோட்ட வீடு இருந்தது. திருவல்லிக்கேணியை ஒட்டி நாம் தேடும் வீடு. கிண்டியில் ஒன்று, அதுதான் இன்றைய ஆளுநர் மாளிகை. ஊட்டியில் கோடைக்காலத்துக்கு இன்னொன்று.

நான் ஒருமுறை ஒரு பள்ளிக்கூடத்துக்குச் சென்னை வரலாறு பற்றி அட்டை எழுதிக் கொடுத்தேன். எலிஹு யேலும் தாமஸ் பிட்டும் இந்தத் திருவல்லிக்கேணி வீட்டுத் தோட்டத்தில் உலாவினார்கள் என்று அழகாக எழுதியிருந்தேன். கண்காட்சிக்கு வந்த ஒரு பெரியவர் என்னைத் தனியாகக் கூப்பிட்டு, “தம்பி, யேல் கவர்னரா இருந்தது 1687-லிருந்து 1692 வரை. பிட் 1709-ல போயிட்டார். இந்த வீட்டைக் கம்பெனி வாங்கினதே 1753-ல. கணக்கு இடிக்குதே?” என்றார். அவர் சொன்னது சரி. அவர்கள் உலாவியது மருத்துவக் கல்லூரிப் பக்கத்துப் பழைய தோட்ட வீட்டில். அன்றைக்கு அந்த அட்டையைக் கழற்றும்போது கை நடுங்கியது இன்னும் நினைவிருக்கிறது. அதிலிருந்து ஒரு வழக்கம் வைத்திருக்கிறேன்: எந்தத் தாளில் ‘தோட்ட வீடு’ என்று படித்தாலும் முதலில் ஆண்டைப் பார்ப்பேன். 1753-க்கு முந்தியது என்றால் நம் வீடாக இருக்க முடியாது.

அந்த ஆண்டு ஏன் முக்கியம் என்று தெரிந்துகொள்ளுங்கள், ஏனென்றால் வீட்டின் கதை அங்கேதான் தொடங்குகிறது. 1746-இல் பிரெஞ்சுக்காரர்கள் மதராஸைப் பிடித்தார்கள். உடன்படிக்கைப்படி 1749-இல் திருப்பிக் கொடுத்தார்கள். அதற்குள் பழைய தோட்ட வீட்டை இடித்துத் தள்ளியிருந்தார்கள். 1752-இல் ஆங்கிலேயர் தங்கள் தலைமையிடத்தைக் கடலூரிலிருந்து மறுபடி மதராஸுக்குக் கொண்டுவந்தபோது, கவர்னர் தாமஸ் சாண்டர்ஸுக்கு ஊருக்கு வெளியே காற்றோட்டமான ஒரு வீடு வேண்டியிருந்தது. கூவத்தை ஒட்டி அந்தோனியா மதெய்ரோஸ் என்ற போர்ச்சுக்கீசியக் கைம்பெண்ணுக்கு ஒரு வீடும் தோட்டமும் இருந்தன. அதை 3,500 வராகனுக்கு வாங்கினார்கள்.

ஆக, இருநூறு வருடம் ஆட்சி நடந்த அந்த மாளிகை முதலில் ஒரு வியாபாரி குடும்பத்தின் வீடு. அந்த அம்மாளின் பெயரை எழுதாமல் இந்த மாளிகையின் வரலாற்றை யாரும் எழுதக் கூடாது என்பது என் கருத்து. மதெய்ரோஸ் குடும்பப் பெயரிலிருந்துதான் மதராஸ் என்ற பெயரே வந்தது என்று சிலர் சொல்வார்கள். நான் அதை என் குறிப்பேட்டில் ‘சொல்கிறார்கள்’ பக்கத்தில்தான் வைத்திருக்கிறேன்.

வராகன் என்றதும் ஒன்று சொல்லிவிடுகிறேன். பழைய கணக்குகளில் ரூபாய் வராது. 80 காசு ஒரு பணம், 42 பணம் ஒரு நட்சத்திர வராகன், இதுதான் கம்பெனியின் மதராஸ் கணக்கு. 1818-இல் ரூபாய்க்கு மாறியபோது ஒரு வராகனுக்கு மூன்றரை ரூபாய் என்று வைத்தார்கள். இதை ஒரு துண்டுத் தாளில் எழுதிக் குறிப்பேட்டின் அட்டையில் ஒட்டிக்கொள்ளுங்கள். இன்றைய மதிப்பில் எவ்வளவு என்று மாற்றிப் பார்க்க முயல வேண்டாம். அதற்குப் பதிலாக, அதே வருடத்துத் தாளில் வேறு எதற்கு எவ்வளவு கொடுத்தார்கள் என்று பாருங்கள். ஒரு சிப்பாயின் சம்பளத்தையும் ஒரு வீட்டின் விலையையும் அடுத்தடுத்து எழுதினால் அந்தக் காலம் தானாகப் புரியும்.

சரி, இப்போது நடப்போம்.

காலை ஏழு மணிக்குப் போங்கள். வெயிலும் ஏறியிருக்காது, போக்குவரத்தும் கொஞ்சம் அடங்கியிருக்கும். கட்டம் போட்ட தாள், பென்சில், ஒரு தண்ணீர் பாட்டில் போதும். மெட்ரோ படிக்கட்டை விட்டு வந்ததும் உள்ளே போக அவசரப்படாதீர்கள். முதலில் எல்லையைச் சுற்றுங்கள். மேற்கே மவுன்ட் ரோடு, வடக்கே கூவம், தெற்கே வாலாஜா சாலை, கிழக்கே சேப்பாக்கம். இந்த நான்கையும் தாளில் கோடாகப் போட்டு நடுவை வெறுமையாக விடுங்கள். அந்த வெறுமைதான் நாம் நிரப்ப வேண்டியது.

கூவத்துப் பாலத்தில் நின்று வடக்கே பார்த்தால் தீவுத்திடல். அங்கே தாமஸ் மன்றோ குதிரைமேல் இருப்பார், 1839-இல் நிறுவிய சிலை. அவர் 1820-லிருந்து 1827 வரை இங்கே கவர்னர். கிண்டி வீடு அரசாங்கத்தின் கைக்கு வந்தது அவர் காலத்தில்தான். கோட்டையிலிருந்து தீவு வழியாகப் பாலம் தாண்டி வந்தால் நேரே அரசு மாளிகை. கவர்னர் அலுவலகத்துக்கும் வீட்டுக்கும் போய்வந்த பாதை அது. அந்தப் பாதையைத் தாளில் அம்புக்குறி போட்டுக் காட்டுங்கள். கட்டடம் போனாலும் பாதை லேசில் போவதில்லை.

கிழக்கே சேப்பாக்கம் அரண்மனை. ஆற்காட்டு நவாப் முகமது அலி வாலாஜா 1768-இல் கட்டியது. நவாப் வீடும் கவர்னர் வீடும் அடுத்தடுத்த தோட்டங்கள். இதை மனதில் வைத்துக்கொள்ளுங்கள், பின்னால் தேவைப்படும்.

மருத்துவமனைக் கட்டடம் 2010 மார்ச்சில் சட்டமன்றம், தலைமைச் செயலகமாகத் திறக்கப்பட்டது, 2014-இல் பன்னோக்கு மருத்துவமனையானது. அதன் வளாகத்தில் கேமராவைத் தூக்கிக்கொண்டு அலைய வேண்டாம். அங்கே வருகிறவர்கள் உடம்பு சரியில்லாமல் வருகிறார்கள். நான் அங்கே உட்கார்ந்து மனதுக்குள்தான் அளப்பேன். இந்த இடத்தில் சட்டமன்றம் கூடியது அதுதான் முதல் முறையும் அல்ல. 1952-க்குப் பிறகு சில வருடங்கள் இதே தோட்டத்துக்குள் ஒரு கட்டடத்தில் சட்டமன்றம் கூடியது. அப்புறம் கோட்டைக்குத் திரும்பியது. அந்தக் கட்டடம்தான் பிறகு கலைவாணர் அரங்கமாயிற்று. பழைய அரங்கமும் இப்போது இல்லை, 2016-இல் திறந்த புதியதுதான் இருக்கிறது. தோட்டத்தின் பெயரில் ‘ஓமந்தூரார்’ சேர்ந்தது, சுதந்திரத்தின்போது மாகாண முதல்வராக இருந்த ஓமந்தூர் ராமசாமி ரெட்டியார் நினைவாக.

இப்போது ராஜாஜி மண்டபம். எல்லா நாளும் உள்ளே விடமாட்டார்கள். வாசலில் இருப்பவரிடம் பணிவாகக் கேளுங்கள், விட்டால் போங்கள், இல்லையென்றால் வெளியிலிருந்தே நிறையப் பார்க்கலாம். நானும் பெரும்பாலும் வெளியிலிருந்துதான் பார்த்திருக்கிறேன்.

நேராக முன்னால் நின்று மூன்று பகுதியாகப் பிரியுங்கள்: அடித்தளம், தூண், முகடு. அடித்தளம் ஒரு முழு மாடி உயரத்துக்கு இருக்கிறது. அகலமான படிக்கட்டு ஏறித்தான் மண்டபத்துக்குள் போக வேண்டும். விருந்துக்கு வருகிறவர்கள் மேலே ஏறி வருவதைக் கீழே இருப்பவர்கள் பார்க்க வேண்டும் என்று போட்ட படிக்கட்டு. தூண்கள் வரிசையாக, கிரேக்கக் கோயில் பாணியில். முகட்டின் முக்கோணத்தைக் கவனமாகப் பாருங்கள். அங்கேதான் இந்தக் கட்டடம் ஏன் எழுந்தது என்று எழுதியிருக்கிறது, எழுத்தாக அல்ல, போர்க் கருவிகளின் சிற்பமாக. ஒரு பக்கத்து முகடு 1757 பிளாசி வெற்றிக்கு. எதிர்ப்பக்கம் 1799 சீரங்கப்பட்டண வெற்றிக்கு. பிளாசியில் வென்றது ராபர்ட் கிளைவ். சீரங்கப்பட்டணம் விழுந்தபோது மதராஸ் கவர்னராக இருந்தது அவருடைய மகன் எட்வர்ட் கிளைவ். அப்பாவின் வெற்றியையும் தன் காலத்து வெற்றியையும் ஒரே கூரையின் இரண்டு பக்கத்தில் வைத்துக்கொண்டார். 1800-இல் தொடங்கி 1802-இல் முடித்தார்கள். செலவைப் பார்த்து லண்டனில் கம்பெனி இயக்குநர்கள் கோபப்பட்டார்கள்.

வரைந்து கட்டியவர் ஜான் கோல்டிங்காம். இவரைப் பற்றி இரண்டு வார்த்தை கூடுதலாகச் சொல்லாமல் என்னால் போக முடியாது. அவர் தொழில்முறைக் கட்டடக் கலைஞர் இல்லை, வானியல் ஆய்வாளர். நுங்கம்பாக்கத்து வானாய்வுக்கூடத்தைப் பார்த்துக்கொண்டவர். அதன் கருங்கல் தூண் இன்றும் வானிலை மையத்தில் நிற்கிறது, தமிழிலும் எழுத்து வெட்டியிருக்கும். 1794-இல் தொடங்கிய நில அளவைப் பள்ளியையும் அவர் நடத்தினார். கிண்டி பொறியியல் கல்லூரியின் வேர் அந்தப் பள்ளிதான். பரங்கிமலையிலும் கோட்டையிலும் பீரங்கி வெடிக்க, வெளிச்சம் தெரிந்ததற்கும் ஓசை கேட்டதற்கும் இடையிலுள்ள நேரத்தை எண்ணி, 1820-களின் தொடக்கத்தில் ஒலியின் வேகத்தைக் கணக்கிட்டவரும் அவரே. கோல் பிடித்து அளந்து வரைந்து சோறு தின்ற எனக்கு அவர்மேல் ஒரு மரியாதை உண்டு. அவர் யாருக்காக அந்த மண்டபத்தைக் கட்டினார் என்பதை மறக்காமலேயே அந்த மரியாதை இருக்கிறது.

பிறகு, பழசின்மேல் எது ஒட்டப்பட்டது என்று பாருங்கள். கோல்டிங்காம் கட்டியதைச் சுற்றி அமைந்த வளைவு வளைவான தாழ்வாரம் பத்தொன்பதாம் நூற்றாண்டின் பிற்பகுதி வேலை. இதைக் கண்டுபிடிக்க ஒரு எளிய வழி: ஒரே கட்டடத்தில் நேர்க்கோட்டு உத்தரமும் வளைவும் அடுத்தடுத்து இருந்தால் இரண்டும் ஒரே கையால் வந்ததா என்று சந்தேகப்படுங்கள். சந்தேகத்தைத் தாளில் கேள்விக்குறியாகப் போட்டு வையுங்கள். பதில் ஆவணத்தில்தான் கிடைக்கும்.

சுவரைப் பற்றிச் சொல்ல வேண்டும். என்னிடம் உள்ளங்கை அளவு காரைத் துண்டு ஒன்று இருக்கிறது. மாளிகையை இடித்துக்கொண்டிருந்த நாட்களில் மவுன்ட் ரோடு ஓரத்தில் நின்று பார்த்துக்கொண்டிருந்தேன். இரண்டு மூன்று நாள் தொடர்ந்து என்னைப் பார்த்த ஒரு தொழிலாளி, கேட்காமலேயே கையில் கொடுத்தார். “உங்க வீடா பெரியவரே?” என்று கேட்டார். பதில் வரவில்லை எனக்கு.

அந்தத் துண்டைப் பக்கவாட்டில் பிடித்தால் அடுக்குகள் தெரியும். உட்புறம் செங்கல்லின் சிவப்பு ஒட்டிய சொரசொரப்பான சாந்து, கட்டைவிரல் தடிமன். அதன்மேல் கொஞ்சம் மெல்லிய, பழுப்பு வெள்ளை அடுக்கு. அதற்கும் மேலே நகத்தின் தடிமன்கூட இல்லாத ஒரு தோல், விரலால் தடவினால் பீங்கான் தட்டைத் தொடுவது போல வழுவழுவென்று குளிர்ச்சியாக இருக்கும். அதன்மேல் பிற்காலத்தில் பூசிய மஞ்சள், வெள்ளை, மறுபடி மஞ்சள். அந்த வழுவழுப்பான தோல்தான் மதராஸுக்குப் பேர் வாங்கித் தந்த சுண்ணாம்புப் பூச்சு. கடற்கரைக் கிளிஞ்சலைச் சுட்டு நீற்றிய சுண்ணாம்பு. கடைசிப் பூச்சில் முட்டை வெள்ளைக்கருவும் தயிரும் சேர்த்து, வழுவழுப்பான கல்லால் தேய்த்துத் தேய்த்து மெருகேற்றுவார்கள். பளிங்கு என்று ஐரோப்பியப் பயணிகள் ஏமாந்தது இதைப் பார்த்துத்தான். வாங்கியவர் சாண்டர்ஸ், விரித்தவர் கிளைவ், வரைந்தவர் கோல்டிங்காம். தேய்த்தவர்கள் நம் ஊர்க் கொத்தனார்களும் சித்தாள்களும். அவர்களுடைய பெயர் எந்தச் சுவரிலும் இல்லை. இந்தப் பூச்சுதான் அவர்களுடைய கையெழுத்து என்று நான் எடுத்துக்கொள்கிறேன்.

பழைய சுண்ணாம்புச் சுவரையும் சிமென்ட் பூசிய சுவரையும் பிரித்துப் பார்க்கக் கற்றுக்கொள்ளுங்கள். விரல் முட்டியால் மெல்லத் தட்டினால் சிமென்ட் இறுகலாக ஒலிக்கும், சுண்ணாம்பு கொஞ்சம் அடங்கி ஒலிக்கும். சிமென்ட் விரிசல் கூர்மையாக நீளமாக ஓடும். சுண்ணாம்பு பொரிந்து பொரிந்து உதிரும். கூரை ‘மெட்ராஸ் டெரஸ்’ என்ற பழைய முறையில் போட்டது என்றால் அண்ணாந்து பார்த்தே தெரிந்துகொள்ளலாம்: தேக்குக் கட்டைகள் நெருக்கமாக ஓடும், அவற்றுக்கு நடுவே சின்ன அச்சுக்கல் செங்கற்கள் குறுக்குவாட்டில் சாய்த்து அடுக்கியிருக்கும். அதற்குமேல் சுண்ணாம்பும் செங்கல் ஜல்லியும் கடுக்காய்த் தண்ணீர், வெல்லத் தண்ணீர் தெளித்துக் கட்டையால் அடித்து இறுக்கி, தட்டோடு பதிப்பார்கள். ஒன்றே ஒன்று: எந்த நிலையிலும் சுரண்டாதீர்கள். பார்க்கத்தானே வந்தோம். ஏற்கெனவே உதிர்ந்த இடம் எல்லாப் பழைய கட்டடத்திலும் ஒன்றிரண்டு இருக்கும், அதைப் பாருங்கள்.

இனி வருவது எனக்கு மிக முக்கியமான பகுதி. ஒரு முழு வெள்ளைத் தாளை எடுத்து மூன்று பத்தியாகக் கோடு போடுங்கள். முதல் பத்தி ‘மதிலுக்குள்’. இரண்டாவது ‘பக்கத்து வீட்டில்’. மூன்றாவது ‘நாட்டில்’. மாளிகையின் வரலாற்றை மதிலுக்குள் மட்டும் வைத்துப் படித்தால் விருந்து, நடனம், யார் வந்தார், என்ன சாப்பிட்டார் என்றுதான் கிடைக்கும். மூன்று பத்தியையும் ஒன்றாக நிரப்பும்போதுதான் அந்தப் படிக்கட்டு என்ன படிக்கட்டு என்று தெரியும்.

நான் நிரப்பிய சில வரிகளைச் சொல்கிறேன். 1799 மே 4, நாட்டில்: சீரங்கப்பட்டணத்தில் திப்பு சுல்தான் வீழ்ந்தார். அதே வருடம் அக்டோபர் 16: கயத்தாற்றில் கட்டபொம்மனைத் தூக்கிலிட்டார்கள். 1800, மதிலுக்குள்: விருந்து மண்டப வேலை. 1801 ஜூன் 16, நாட்டில்: ஆங்கிலேயரை எதிர்த்து எழச் சொல்லும் மருது பாண்டியரின் அறிக்கை திருச்சிக் கோட்டையில். ஜூலை 15, பக்கத்து வீட்டில்: சேப்பாக்கம் அரண்மனையில் நவாப் உம்தத்துல் உமரா இறந்தார். ஜூலை 31: வாரிசாக வைக்கப்பட்ட அசீமுத்தௌலாவோடு ஒப்பந்தம், கர்நாடகம் என்று அப்போது சொன்ன ஆற்காட்டு நவாபின் சீமை ஆட்சி முழுதும் கம்பெனிக்கு. அக்டோபர் 24, நாட்டில்: திருப்பத்தூரில் மருது சகோதரர்கள் தூக்கில். டிசம்பர் 1: தென்சீமை மக்கள் ஆயுதம் வைத்துக்கொள்ளக் கூடாது என்று எட்வர்ட் கிளைவின் பிரகடனம். 1802 அக்டோபர், மதிலுக்குள்: மண்டபத் திறப்பு நடனம்.

இதை முதன்முதலில் எழுதி முடித்தபோது இரவு பதினொன்றிருக்கும். பென்சிலை வைத்துவிட்டு அப்படியே உட்கார்ந்திருந்தேன். பாடப்புத்தகத்தில் கட்டபொம்மன் ஒரு பாடம், மருது சகோதரர்கள் ஒரு பாடம், நவாப் ஒரு பாடம். நான் தூக்குச் சட்டியோடு விளையாடிய கட்டடத்துக்கும் அதற்கும் சம்பந்தம் உண்டு என்று எனக்கு யாரும் சொன்னதில்லை. தூணுக்குச் சுண்ணாம்பு தேய்த்துக்கொண்டிருந்த அதே மாதங்கள் அவை.

இதே போல 1876-78 பெரும் பஞ்சத்துக்கு ஒரு தாள் போடுங்கள். அப்போது பக்கிங்ஹாம் பிரபு கவர்னர். கூவத்தையும் அடையாற்றையும் இணைக்கும் கால்வாயைப் பஞ்ச நிவாரண வேலையாக வெட்டியது அப்போதுதான், அவர் பெயரில்தான் இன்றும் இருக்கிறது. ஊட்டியில் அரசு மாளிகையை எழுப்பியவரும் அவரே. இரண்டையும் அடுத்தடுத்துப் பத்தியில் எழுதிப் பாருங்கள்.

ஆவணங்களுக்கு எழும்பூரில் தமிழ்நாடு ஆவணக் காப்பகம் இருக்கிறது, 1909-இல் எழுந்த செங்கல் கட்டடம். அனுமதிக்கு விண்ணப்பம் கொடுக்க வேண்டும். அடையாள அட்டையும் எதற்காகப் பார்க்கிறீர்கள் என்ற விவரமும் கையோடு இருக்கட்டும். ‘அரசு மாளிகை வரலாறு’ என்று கேட்டால் ஒன்றும் கிடைக்காது. ஆண்டையும் துறையையும் சொல்லிக் கேட்க வேண்டும்: 1753 பொதுத்துறை நடவடிக்கைக் குறிப்புகள், 1800 பொதுத்துறை, இப்படி. பெயர்களை ஒரே எழுத்தில் தேடாதீர்கள், மதெய்ரோஸ் என்ற பெயரை ஆளுக்கு ஒரு விதமாக எழுதியிருப்பார்கள். பழைய தாள் ஓரம் பொரிப்பொரியாக உதிரும். பக்கத்தின் மேல்மூலையைப் பிடித்துப் புரட்டுங்கள், எச்சில் தொட்டுப் புரட்டவே கூடாது. குறிப்பு எடுக்கப் பென்சில்தான், பேனா வேண்டாம். ஒரு நாளைக்கு ஒரு கட்டு போதும். கண் களைத்தபின் படித்தால் தப்பாகத்தான் எழுதுவோம்.

மண்டபத்துக்குள் மாட்டியிருந்த கவர்னர்கள், அரச குடும்பத்தாரின் பெரிய எண்ணெய் ஓவியங்களில் பலவற்றைக் கோட்டை அருங்காட்சியகத்தில் பார்க்கலாம். அது 1948-இல் திறந்தது. வெள்ளிக்கிழமை விடுமுறை, அடையாள அட்டை வேண்டும். ஓவியத்தின் முன் நிற்கும்போது முகத்தை மட்டும் பார்க்காமல் சட்டத்தின் அளவைப் பாருங்கள். இவ்வளவு பெரிய படம் மாட்டிய சுவர் எவ்வளவு உயரம் இருந்திருக்கும் என்று அதிலிருந்தே கணக்குப் போடலாம். அங்கேயே கார்ன்வாலிஸ் சிலை ஒன்றும் இருக்கிறது. அதன் பீடத்தில் 1792-இல் திப்புவின் பிள்ளைகளைப் பணயமாக ஒப்படைக்கும் காட்சி. ராஜாஜி மண்டபத்து முகட்டைப் பார்த்துவிட்டு நேரே இதைப் பார்க்க வேண்டும்.

மனிதர்களிடம் கேட்பதை விட்டுவிடாதீர்கள். வரலாறு தெரியுமா என்று கேட்டால் யாரும் தெரியாது என்றுதான் சொல்வார்கள். “குழாய் எங்கே இருந்தது? எந்த மரத்தடியில சாப்பிடுவீங்க? எந்த வாசல் எப்பவும் பூட்டியிருக்கும்?” என்று கேளுங்கள். என் அப்பாவிடம் அப்படித்தான் கேட்டேன், அவர் போவதற்கு இரண்டு வருடம் முன்னால். மாளிகையின் பின்பக்கத் தூங்குமூஞ்சி மரத்துக்கும் சமையல்கட்டுக்கும் எத்தனை எட்டு என்று சரியாகச் சொன்னார். எண்பத்திரண்டு எட்டு. ஹோஸ் பைப் அதுவரைதான் எட்டுமாம். அவர் எட்டின் நீளத்தை வீட்டு முற்றத்தில் நடக்கச் சொல்லி டேப்பால் அளந்து வைத்துக்கொண்டேன். அந்த எண்ணை எந்த ஆவணக் காப்பகமும் எனக்குத் தந்திருக்காது.

கேட்டதை நான் சிவப்புப் பென்சிலால் எழுதுவேன், தாளில் பார்த்ததைக் கருப்பால். இரண்டையும் கலக்காமல் வைத்திருந்தால் பின்னால் ஒருவர் திருத்தும்போது எதைத் திருத்துகிறோம் என்று தெரியும்.

ஒரு சிவப்பு வரியை மட்டும் சொல்கிறேன். 1969 பிப்ரவரி. அண்ணா மறைந்தபோது எனக்கு ஏழு வயது. உடல் ராஜாஜி மண்டபத்தில். அப்பா என்னைத் தோளில் உட்கார வைத்திருந்தார். எனக்குத் தெரிந்ததெல்லாம் தலைகள். படிக்கட்டின் கீழே செருப்புகள் குவிந்து கிடந்தன, ஒற்றைச் செருப்புகள், ஜோடி இல்லாதவை. மறுநாள் தோட்டத்தைக் கூட்டியவர்களில் அப்பாவும் ஒருவர். அந்தச் செருப்புகளை யாரும் தூக்கி எறிய மனம் வராமல் மதிலோரம் வரிசையாக அடுக்கி வைத்தார்களாம், தேடி வருவார்கள் என்று. அதே படிக்கட்டில்தான் ராஜாஜி, பெரியார், காமராஜர், எம்.ஜி.ஆர்., ஜெயலலிதா, கருணாநிதி என்று எல்லோரையும் மக்கள் கடைசியாகப் பார்த்தார்கள். கிளைவ் நடனத்துக்குப் போட்ட படி. என் மூன்று பத்தித் தாளில் 1969-க்கு ‘மதிலுக்குள்’, ‘நாட்டில்’ இரண்டுக்கும் நடுவிலிருந்த கோட்டை அழித்துவிட்டு ஒரே வரியாக எழுதினேன்.

இவ்வளவும் சேர்ந்தபின், முதல் நாள் வெறுமையாக விட்ட தாளை எடுங்கள். பாலத்திலிருந்து வரும் அம்புக்குறியை நீட்டுங்கள். ராஜாஜி மண்டபத்தை உறுதியான கோட்டால் போடுங்கள், அது நிற்கிறது. மாளிகையைப் புள்ளிக்கோட்டால் போடுங்கள். டிராப்ட்ஸ்மேன் வழக்கப்படி, கண்ணுக்குத் தெரியாமல் மறைந்திருப்பதற்குப் புள்ளிக்கோடு. என் தாளில் புள்ளிக்கோட்டுக்குப் பின்னால் ஒரு சின்ன வட்டம் இருக்கும், தூங்குமூஞ்சி மரம். அங்கிருந்து எண்பத்திரண்டு எட்டு. பேத்தி அந்த வட்டத்துக்குப் பச்சை வண்ணம் அடித்திருக்கிறாள்.